கொதி வந்து பத்து நிமிசம்

போன வாரம் எங்க ஊட்டுக்காரரைப் பத்திக் கேக்க பேப்பர்லேர்ந்து ஒரு பொண்ணு வந்துச்சு. "சொந்தமாவே படிச்சு விஞ்ஞானி ஆனவரு, குப்பத்துலேர்ந்து வந்தவரு, அவரைப் பத்தி பெருசா எழுதப் போறோம்மா"ன்னுச்சு. எழுது தாயி. உயிரோட இருந்தப்ப எவனும் எட்டிப் பாக்கல, போட்டோவுக்கு மாலை போட்டதும் எல்லாருக்கும் கண்ணு தெரியுது. எத்தினியாவது படிச்சாரு, எங்க வேலை செஞ்சாரு, எத்தினி நோட்டு எழுதினாரு, கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன். கெளம்பறப்ப ஒண்ணு கேட்டுச்சு. "அவர் கடைசியா என்னம்மா பேசினாரு?" ஒண்ணும் பேசல, நெனவே இல்லன்னேன். அது பொய்யி. பேசினாரு. அந்தப் பொண்ணுகிட்ட சொன்னா பேப்பர்ல போட்டுடும். ஆனா யார்கிட்டயும் சொல்லாம செத்தா என் கட்டை வேகாது. அதான் உன்னைக் குந்த வெச்சிக்கினு கீறேன்.

என் பேரு முத்துமாரி. பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துல ஹவுசிங் போர்டு ஊடு. லூப் ரோட்டுல முப்பது வருசமா மீன் விக்கிறேன். இப்ப மார்க்கெட்டு கட்டி உள்ள தள்ளிட்டாங்க, அது வேற கதை. எங்க ஊட்டுக்காரரு சுப்பராயன். குப்பத்துல சுப்பராயன் ஊடு எங்கன்னு கேட்டா எவனுக்கும் தெரியாது. பூச்சி சுப்பராயன்னு கேளு, கையைப் புடிச்சு இட்டாந்து வுடுவாங்க.

அவரும் மீன்காரப் புள்ளைதான். ஆனா போட்டுல ஏறினா கரையத் தாண்டறதுக்குள்ள வாந்தி. அவங்க நைனா ரெண்டு வருசம் பாத்துட்டு, இவன் கடலுக்கு ஆவ மாட்டான்னு, தி.நகர்ல ரத்தம் டெஸ்ட் பண்ற லேபு ஒண்ணுல பாட்டில் கழுவ சேத்து வுட்டுட்டாரு. படிப்பு எட்டாவது ஃபெயிலு. கழுவற பாட்டில்ல இன்னா ஒட்டிக்கினு கீதுன்னு இவருக்குத் தெரிஞ்சாவணும். எவனும் சொல்லித் தரல. அட்டை கிழிஞ்ச இங்கிலீசு புக்கு ஒண்ணை அங்க குப்பையில போட்டாங்களாம், அத்த தூக்கியாந்து, டிக்சனரிய வெச்சிக்கினு நாலு வருசம் படிச்சாரு. எனக்குக் கல்யாணம் ஆன புதுசு. பக்கத்துல பொண்டாட்டி ஒருத்தி கீறாளேன்னு நெனப்பில்லாம உதட்டை அசைச்சிக்கினு குந்தியிருக்கற மனுசனைப் பாத்துட்டு, இந்தாளுக்கு எதுனா கோளாறான்னு எங்கம்மாகிட்ட போய் அழுதுட்டு வந்தேன்.

அப்பால எங்க ஊடே லேபு ஆயிடுச்சு. நான் கழிச்சுப் போடற மீன் தலைய வேக வெச்சு சூப்பு எடுப்பாரு. அதுல கடையில விக்கிற சைனா கிராஸைப் போட்டு காச்சி, கண்ணாடித் தட்டுல ஊத்தி ஆற வெப்பாரு. ஜெல்லி மாதிரி நிக்கும். அதும் மேல கிருமியத் தடவினா மறுநாளு புள்ளி புள்ளியா மொளைச்சிருக்கும். குக்கரு எங்க சோத்துக்கு இல்ல, அவரு தட்டை வேக வெக்கறதுக்கு. நான் ஐசு போட்டு மீன் எடுத்துக்கினு போற தெர்மாகோல் பொட்டியில குண்டு பல்பு ஒண்ணை மாட்டி, கிருமிய அதுல வெதுவெதுன்னு தூங்க வெப்பாரு. ஃபிரிட்ஜுல கீழ்த்தட்டு பூரா அவரு பாட்டிலு. வித்தது போக மீந்த மீனை வெக்க எனக்கு எடம் கெடையாது. "பேதி புடிச்சவன் அசிங்கத்தை வெச்ச எடத்துல நான் துன்றதை வெக்கணுமாயா"ன்னு கத்துவேன். அவரு மூடிய இன்னும் கொஞ்சம் இறுக்கிட்டு பூடுவாரு.

ஒரு மழைக்காலத்துல எங்க பிளாக்குங்கள்ல வாந்திபேதி. கீழ் ஊட்டுல கொயந்தை ஒண்ணு செத்துப் பூட்டுது. சூடு, கண்ணு பட்டுது, ஆத்தா கோவம்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லிக்கினு இருந்தாங்க. இவரு நாப்பது சின்ன பாட்டில்ல மருந்து நனைச்ச காகிதத்தை வெச்சு, ஒவ்வொரு கொயாயிலயும் தண்ணி புடிச்சு, நம்பரு எழுதி, பல்பு பொட்டியில வெச்சாரு. சாக்கடை கலந்த தண்ணின்னா கறுக்கும், இல்லாட்டி கறுக்காது, அவ்ளோதான். மறுநாளு பாத்தா பதினேழு பாட்டிலு கன்னங்கரேல்னு கீது. அந்தப் பதினேழையும் தெருமுனையில கயிறு கட்டித் தொங்க வுட்டாரு. அவங்கவங்க நம்பரைப் பாத்துட்டு பொம்பளைங்க முந்தானையால வாயப் பொத்திக்கினாங்க. ஆபீசருங்க வந்து, இதெல்லாம் யாரு உன்னை பண்ணச் சொன்னதுன்னு மெரட்டினாங்க. இவரு சாக்பீசால ரோட்டுல குறுக்க ஒரு கோடு போட்டு, "இங்க தோண்டுங்க சார்"னாரு. தோண்டினாங்க. குடிதண்ணி பைப்பு ஒடைஞ்சு சாக்கடைக்குள்ள கெடந்துது. அன்னிலேர்ந்து அவரு பூச்சி சுப்பராயன்.

பைப்பை மாத்த ரெண்டு மாசம் ஆச்சு. அந்த ரெண்டு மாசமும் கையில வாட்சோட ஊடு ஊடா ஏறி எறங்கினாரு. "கொதி வந்தப்புறம் பத்து நிமிசம். சின்னச் சின்ன முட்டை வர்றது கொதி இல்ல, தளதளன்னு வரணும், அங்கேர்ந்துதான் நேரம் பாக்கணும்." அடுப்புப் பக்கத்துல நின்னு எண்ணுவாரு. அவரு லேபுக்குப் போனதும் அந்த வாட்சு என் கைக்கு வந்துடும். என் வாயி ஊரறிஞ்ச வாயி. எவளாவது அஞ்சு நிமிசத்துல எறக்கினா அவ மானத்த வாங்காம வர மாட்டேன். பேதி நின்னுச்சு. அதுக்கப்புறம் எங்க ஊட்ல குடிக்க, வாய் கொப்புளிக்க, புண்ணு கழுவ, எதுக்கும் கொதிக்காத தண்ணி ஒரு சொட்டு கெடையாது. எனக்கு அது யோசிச்சு செய்யற வேலையே இல்ல. கை தானா அடுப்பைப் பத்த வெக்கும்.

பத்து வருசம் கழிச்சு இன்னொரு கூத்து. அடையாறு கடல்ல சேர்ற முகத்துவாரம் எங்க ஊட்டுக்குப் பின்னாடிதான். ஊரு கழிவு பூரா அதுலதான் வந்து வுழுது. ஒரு நாளு அங்க நின்னுக்கினு, "முத்து, தெனம் இவ்ளோ கிருமி வருதே, ஏன் இன்னும் ரொம்பி வழியல? எதுவோ அத்த துன்னுது"ன்னாரு. மீனு துன்னும்யான்னேன். சிரிச்சாரு. அந்தத் தண்ணிய எடுத்தாந்து, ஒரு கிருமி கூட இல்லாம சின்ன வடிகட்டில வடிகட்டி, கிருமி தடவின தட்டு மேல ஒரு சொட்டு வுட்டாரு. மறுநாளு தட்டு பூரா கிருமி மொளைச்சிருக்கு, சொட்டு வுட்ட எடம் மட்டும் தோசையில ஓட்டை வுழுந்த மாதிரி வட்டமா காலி. "பூச்சியத் துன்ற பூச்சி முத்து"ன்னாரு. "கிருமியவிட சின்னது. கிருமிக்குள்ள பூந்து அத்த வெடிக்க வெச்சிடுது." பொண்ணு தீபிகா பொறந்தப்ப கூட அந்த மனுசன் அப்டி சிரிக்கல.

கை தவறி ஆச்சோ இன்னாவோன்னு ரெண்டு வருசம் திரும்பத் திரும்ப பண்ணிப் பாத்தாரு. அப்பால எங்கயோ படிச்சா, நூறு வருசம் முன்னாடியே வெளிநாட்டுல கண்டுபுடிச்சிட்டாங்களாம். எனக்கு அவரைப் பாக்கவே பாவமா பூடுச்சு. அவரு அசரல. "அவங்க பாத்தது அவங்க ஊரு தண்ணியில. நம்ம ஆத்துல கீறதை நான்தானே பாத்தேன்"னாரு. முப்பத்தோரு வகை புடிச்சாரு. ஒவ்வொண்ணும் ஒரு கிருமியத்தான் துன்னும், வேற கிருமியத் தொடாது. அதுங்களுக்குப் பேரு கெடையாது, நம்பருதான். எல்லாத்தையும் பதினோரு நோட்டுல எழுதினாரு. எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிக்கு இது மருந்தாவும்னு எத்தினியோ எடத்துக்கு லெட்டரு போட்டாரு. எட்டாவது ஃபெயிலுன்னு தெரிஞ்சப்புறம் எவன் பதில் போடுவான்?

ஒரே ஒருத்தி வந்துச்சு. ஜெயபாரதின்னு, அடையாறு பக்கம் ஒரு ஆராய்ச்சி எடத்துல வேலை பாக்குற பொண்ணு. தரையில குந்தி மூணு மணி நேரம் நோட்டைப் படிச்சுது. "ஐயா, ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் குடுங்க, எங்க லேபுல உறைய வெச்சிடறேன், பத்து வருசமானாலும் கெடாது"ன்னு கெஞ்சுச்சு. இவரு குடுக்கல. தி.நகரு லேபுல இருபத்தெட்டு வருசம் ரிப்போர்ட்டு பூரா இவரு பண்ணி, கீழ வேற ஒருத்தரு கையெழுத்து போட்டதைப் பாத்த மனுசன். தன் பேரு இல்லாம பூடுமோன்னு பயம். "இன்னும் ஒரு தபா சரிபாத்துட்டு தரேம்மா"ன்னாரு. அந்த ஒரு தபா வரவே இல்ல.

போன ஆடி மாசம் முகத்துவாரத்துல தண்ணி எடுக்க எறங்கினவரு கால்ல கெளுத்தி முள்ளு குத்திச்சு. நம்ம ஜனங்களுக்கு கெளுத்தி முள்ளு இன்னா புதுசா? ஆனா இவருக்கு சக்கரை. பத்து நாள்ல பாதம் வீங்கி, சீழு வெச்சு, சொரம் வந்துடுச்சு. ஆஸ்பத்திரியில சேத்தேன். சீழை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்க. ரிப்போர்ட்டு வந்ததும் டாக்டரு சொல்றதுக்கு முன்னாடியே இவரு தலைகீழா படிச்சிட்டாரு. எல்லா மருந்துக்கு நேராவும், கேக்காது, கேக்காதுன்னுதான் போட்டிருந்துச்சு. எத்தினி பேரு ரிப்போர்ட்டுல இவரு கையாலயே அத்த எழுதியிருப்பாரு. மொழங்காலுக்குக் கீழ எடுக்கணும், இல்லாட்டி மேல ஏறிடும்னாரு டாக்டரு. இவரு பத்து நாளு டைம் கேட்டாரு.

ஏன் கேட்டாருன்னா, ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு முந்தியே ஊட்ல தன் சீழைத் தானே எடுத்து தட்டுல தடவி, முப்பத்தோரு நம்பரையும் சொட்டு வுட்டுப் பாத்துட்டாரு. பத்தொம்பதாம் நம்பரு மட்டும் வேலை செஞ்சுது. சொரத்துல ஒடம்பு நடுங்கிக்கினு இருக்கு, அந்தத் தட்டை வெளிச்சத்துல தூக்கிக் காமிச்சாரு. "பாரு முத்து, வட்டம் எவ்ளோ சுத்தமா கீது. என் கால்ல கீறவனுக்கு இவன்தான் எமன்." அத்த நெறைய வளத்து, வடிகட்டி, பச்சை மூடி போட்ட ஊறுகா பாட்டில் ரொம்ப எடுத்து வெச்சிருந்தாரு. டாக்டருகிட்ட கேட்டாரு. அவரு நல்ல மனுசன்தான், பொறுமையா கேட்டுட்டு, இதுக்கு இங்க அனுமதி கெடையாதுங்கன்னுட்டாரு. அவரு போனதும் இவரு என் கையைப் புடிச்சாரு. "பச்சை மூடி பாட்டிலு. தெனம் கொஞ்சம் சின்ன பாட்டில்ல ஊத்தி எடுத்துக்கினு வா. கட்டு மாத்திட்டு நர்சம்மா போனதும், காலையில பத்து சொட்டு, சாயங்காலம் பத்து சொட்டு." அவ்ளோதான் சொன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. சொல்லணும்னு அவருக்குத் தோணல.

மறுநாளு காலையில ஃபிரிட்ஜைத் தொறந்தேன். பச்சை மூடி பாட்டிலு கீது. மேல அவரு கையெழுத்துல, 'பத்தொம்பது. அடையாறு முகத்துவாரம்'னு ஒட்டியிருக்கு.  முகத்துவாரத்துத் தண்ணி. செத்த நாயி மெதக்கற தண்ணி. அதுல நின்னுதானே கால் இந்த கதிக்கு வந்துச்சு. அந்தத் தண்ணியப் போயி அதே புண்ணு மேல ஊத்தறதான்னு நெனச்சேன். ஆனா இந்தாளு மருந்துன்னா மருந்துதான், அதுல எனக்கு சந்தேகம் இல்ல. அதனால இன்னா பண்ணேன்? அன்னிக்கு வேணுங்கறதை மட்டும் சின்ன சொம்புல ஊத்தி அடுப்புல வெச்சேன். தளதளன்னு கொதி வந்துச்சு. அவரோட பழைய வாட்சை எடுத்து வெச்சிக்கினு பத்து நிமிசம் எண்ணினேன். ஆற வெச்சு, கொதிநீர்ல கழுவின பாட்டில்ல ஊத்தி எடுத்துக்கினு போனேன். இத்த அவர்கிட்ட சொல்லணும்னு கூட எனக்குத் தோணல. கையக் கழுவினேன், வாயக் கழுவினேன்னு யாரு வந்து சொல்லிக்கினு இருப்பாங்க?

ஒம்பது நாளு. வேளை தப்பாம பத்து பத்து சொட்டு. அவரு எண்ணிக்கினே இருப்பாரு. மூணாம் நாளு, "வாடை கொஞ்சம் கொறைஞ்ச மாதிரி இல்ல?"ன்னாரு. ஆமாயான்னேன், கொறையல. அஞ்சாம் நாளு குதிகாலு கறுத்துது. ஏழாம் நாள்லேர்ந்து அவரு சொட்டை எண்றதை நிறுத்திட்டாரு. ஒம்பதாம் நாளு சாயங்காலம், நான் பாட்டிலைத் தொறக்கறப்ப, "வேணாம் முத்து, மூடிடு"ன்னாரு. மறுநாளு மொழங்காலுக்குக் கீழ காலை எடுத்துட்டாங்க.

மயக்கம் தெளிஞ்சு போர்வையில காலு இல்லாத எடத்தையே பாத்துக்கினு கெடந்தாரு. அப்பால சொன்னாரு, "தட்டுல நடக்கறது ஒடம்புல நடக்காது போல. முப்பது வருசம் நான் தட்டுலயே வாழ்ந்துட்டேன்." எனக்கு அது காலு போனதைவிட வலிச்சுது. "ஊட்ல கீற பாட்டிலு பூரா பிளீச்சிங் பவுடரு போட்டு சாக்கடையில ஊத்திடு. நோட்டைப் பழைய பேப்பரு கடையில போட்டுடு. கண்டதையும் வெச்சிக்கினு இருந்தோம், போதும்."

உண்மையச் சொல்லட்டுமா? எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்துச்சு. எத்தினி வருசமா அந்தக் கீழ்த்தட்டு மேல எனக்கு வயித்தெரிச்சலு. ஊட்டுக்குப் போயி ஒரு பக்கெட்ல பிளீச்சிங் பவுடரைக் கொட்டினேன். ஒண்ணுலேர்ந்து முப்பத்தொண்ணு வரைக்கும் ஒவ்வொரு பாட்டிலா அதுல கவுத்தேன். பச்சை மூடி பாட்டில்ல பாதிக்கு மேல மீதி இருந்துச்சு, அதையும் கவுத்தேன். ஃபிரிட்ஜைத் தொடைச்சேன். மறுநாளு அதுல ரெண்டு கிலோ சங்கரா மீனு வெச்சேன். நோட்டுங்களை மட்டும் கடையில போட மனசு வரல, பொடவைக்கு அடியில வெச்சேன்.

ரெண்டு நாளு கழிச்சு ஜெயபாரதி ஆஸ்பத்திரிக்கு வந்துச்சு. காலைப் பாத்துச்சு, நடந்ததை அவருகிட்டயே கேட்டுக்கிச்சு. வெளிய வந்து, "மருந்து மிச்சம் எதுனா இருக்காக்கா?"ன்னு கேட்டுச்சு. எல்லாம் ஊத்தியாச்சும்மா, இந்த சின்ன பாட்டில்ல ரெண்டு ஸ்பூன் கீதுன்னு குடுத்தேன். துணியில சுத்தி எடுத்துக்கினு பூட்டுது. மூணாம் நாளு போனு பண்ணுச்சு. நான் மார்க்கெட்ல வஞ்சிரம் வெட்டிக்கினு இருந்தேன்.

"அக்கா, அன்னிக்கு நோட்டுல நான் படிச்சதை வெச்சுப் பாத்தா இது பிரமாதமா வேலை செய்யணும். ஆனா இந்த பாட்டில்ல உயிரே இல்லக்கா. ஒண்ணு கூட இல்ல. வெயில்ல வெச்சீங்களா? சூடு கீடு பண்ணீங்களா?"

நான் இன்னா சொன்னேன் தெரியுமா? பெருமையா சொன்னேன். "இன்னா பொண்ணு இப்டி கேக்குற? பூச்சி சுப்பராயன் பொண்டாட்டி, ஆத்துத் தண்ணிய கொதிக்க வெக்காம குடுப்பேனா? கொதி வந்து பத்து நிமிசம்."

 லைன் கட்டாயிடுச்சோன்னு அலோ அலோன்னேன். அப்பால மெதுவா சொல்லுச்சு. அதுவும் உயிருதான்க்கா, கிருமி மாதிரி அதுவும் கொதிச்சா செத்துடும்னு. வெறும் செத்த தண்ணியத்தான் ஒம்பது நாளும் ஊத்தியிருக்கோம்னு. என் கையில கத்தி இருந்துச்சு. எதிர்ல நின்ன அம்மா வாலு பக்கம் வேணாம்மான்னு சொல்லிக்கினு இருந்துச்சு. நான் அந்த மீனை வெட்டிக் குடுத்து அனுப்பிட்டுதான் கீழ குந்தினேன்.

அந்தப் பொண்ணு வையல. வைதிருந்தா நல்லா இருந்திருக்கும். மறுபடி ஆத்துலேர்ந்து புடிக்கலாமாம்மான்னு கேட்டேன். தேடலாம்க்கா, மாசக்கணக்காகும், அதே வகை கெடைக்கும்னு சொல்ல முடியாதுன்னுச்சு. அன்னிக்கே அஞ்சு கேன் எடுத்துக்கினு முகத்துவாரத்துக்குப் போனேன். மண்ணு மூடினதை எடுக்க பெரிய மிசினு வந்து நின்னுக்கினு, கரை பூரா தோண்டிப் போட்டிருந்தாங்க. அவரு எப்பவும் எறங்குற எடம் எதுன்னே தெரியல. கெடைச்ச எடத்துல மொண்டு ஆட்டோல அந்தப் பொண்ணுகிட்ட கொண்டு போயி குடுத்தேன். அது வாங்கி வெச்சிக்கிச்சு.

ஆஸ்பத்திரியில விசம் மேல ஏறிடுச்சு. தொடை வரைக்கும் எடுத்தாங்க. அப்பவும் சொரம் நிக்கல, ரத்தத்துல கலந்துடுச்சுன்னாங்க, கிட்னி அடங்கிக்கினு வருது, பாக்கறவங்களை வரச் சொல்லுங்கன்னாங்க. தீபிகா காசிமேட்டுலேர்ந்து வந்துச்சு. அதுகிட்ட மட்டும் நடந்ததைச் சொன்னேன். "நைனாகிட்ட சொல்லாதம்மா, உன்னால போச்சுன்னு நெனச்சிக்கினு சாவணுமா"ன்னு அழுதுச்சு. சரின்னேன்.

ஆனா முடியல. அவரு செவுத்தைப் பாத்துக்கினே கெடந்தாரு. பக்கத்துப் படுக்கையில ஜான்சன்னு ஒருத்தரு, அவருக்கும் காலு எடுக்கணும்னு சொல்லியிருந்தாங்க. அவரு, "சாருக்கு இன்னா வேலை?"ன்னு கேட்டாரு. இவரு செவுத்தைப் பாத்தே சொன்னாரு, "பாட்டிலு கழுவற வேலைங்க." பதினேழு கறுப்பு பாட்டிலைத் தெருவுல தொங்க வுட்ட மனுசன். என்னை வெறுத்தாலும் பரவாயில்ல, இவரு இப்டி போவக்கூடாதுன்னு தோணிடுச்சு.

கிட்டக் குந்தி சொன்னேன். "உன் மருந்து வேலை செய்யாம போவலயா. நான்தான் கொதிக்க வெச்சிட்டேன். தெனம் கொதிக்க வெச்சுதான் எடுத்துக்கினு வந்தேன்."

மெதுவா தலையத் திருப்பினாரு. கத்துவாருன்னு நெனச்சேன். அடிக்கட்டும்னு நெனச்சேன்.

"எத்தினி நிமிசம்?"

"பத்து."

"கொதி வந்தப்புறமா?"

"கொதி வந்தப்புறம்."

கண்ணை மூடிக்கினாரு. தண்ணி வழிஞ்சு காதுப்பக்கம் எறங்குது. ஆனா வாயி சிரிக்குது. "அப்போ அது செத்துதான் போச்சு. தோக்கல"ன்னாரு. திரும்பத் திரும்ப அத்தையே சொன்னாரு. என் கையைப் புடிச்சிக்கினாரு, "நீ சரியாத்தான் செஞ்சிருக்க முத்து, நான் சொன்னதைத்தானே செஞ்ச"ன்னாரு. அவரு வைதிருந்தா தாங்கியிருப்பேன். அத்த என்னால தாங்க முடியல.

அப்பால கண்ணைத் தொறந்தாரு. அந்தக் கண்ணுல, தட்டைத் தூக்கிக் காமிச்சாரே, அன்னிக்கு இருந்த வெளிச்சம். முழங்கையை ஊனி எழுந்திருக்கப் பாத்தாரு.

"தெனம் கொஞ்சந்தானே எடுத்த? பச்சை மூடி பாட்டில்ல பாதிக்கு மேல மீதி கீதே முத்து. அத்த ஊத்தலியே? நான் ஏதோ வேதனையில சொன்னேன், நீ ஊத்தியிருக்க மாட்ட."

 தீபிகா என்னையே பாத்துச்சு.

"கீது"ன்னேன். "நீ சொன்னா நான் ஊத்திடுவேனா? அப்டியே கீது."

"காலையில எடுத்துக்கினு வா. அந்த ஜெயபாரதிக்கும் பாதி குடுத்துடு. இனிமே வெச்சிக்கினு இன்னா பண்றது, அது நல்ல பொண்ணு."

"குடுத்துட்டேன்யா. போன வாரமே வந்து வாங்கினு பூட்டுது."

நல்லதுன்னு சொல்லிட்டுப் படுத்தாரு. அன்னிக்கு ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாரு.

மறுநாளு காலையில ஊட்ல அந்தப் பச்சை மூடி பாட்டிலை எடுத்தேன். கழுவி வெச்சிருந்தேன், லேபிலு மட்டும் ஓரத்துல கொஞ்சம் நனைஞ்சிருந்துச்சு. கொயாய்த் தண்ணிய சொம்புல புடிச்சேன். அவரு மருந்து வெளுத்த மஞ்சளா இருக்கும், அதனால ரெண்டு சொட்டு டீத்தண்ணி வுட்டேன். எதுவா இருந்தாலும் அவரு புண்ணு மேல வுழப் போற தண்ணி, அதனால அடுப்புல வெச்சேன். கொதி வந்துச்சு. வாட்சைப் பாத்துக்கினு பத்து நிமிசம் நின்னேன்.

வார்டுல கட்டு மாத்திட்டு நர்சம்மா போனதும் பாட்டிலை அவரு கையில குடுத்தேன். அவருக்குப் பேச்சு கொளறிக்கினு இருந்துச்சு. ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. லேபிலைத் தடவினாரு. அப்பால என் மூஞ்சியப் பாத்து கேட்டாரு, "கொதிக்க வெக்கலியே முத்து?"

இல்லயான்னேன்.

பத்து சொட்டு வுட்டேன். அவரு வெரலை மடக்கி மடக்கி எண்ணினாரு.